போவா பாம்பை வீட்டில் வளர்க்கலாமா? என்ன சாப்பிடும், எப்போ கடிக்கும்? காஞ்சிபுரம் வயல்வெளியில் இருக்கும் 'நம்ம ஊரு போவா' பற்றியும் தெரிஞ்சுக்கோங்க!

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். கூடவே வரதராஜ பெருமாள் கோயிலின் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் ஞாபகம் வரும். வரிசையில் நின்று அவற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரும் அதே ஆள், வீட்டுத் தறிக்குழிக்குள் ஒரு பாம்பின் வாலைப் பார்த்தால் தெருவையே கூட்டிவிடுவார். ஊர்வனவற்றின் மீது நமக்கு இருப்பது பாதி பக்தி, பாதி பயம்.

இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆசை! கழுத்தில் பாம்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு சிரிக்கும் ரீல்ஸ்களைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு வாங்கி வளர்க்கலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அந்த வீடியோக்களில் அதிகம் தலைகாட்டும் பாம்புகளில் ஒன்றுதான் போவா கன்ஸ்டிரிக்டர்.

இது என்ன பாம்பு? என்ன சாப்பிடும்? அதன் மனநிலையை எப்படிப் புரிந்துகொள்வது? நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போவா என்றால் என்ன?

மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினா வரை மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் பாம்பு இது. இதற்கு விஷம் கிடையாது. இரையைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொல்லும். பார்ப்பதற்கு நம்ம மலைப்பாம்பு மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலைப்பாம்பு முட்டையிடும், போவா குட்டி போடும்.

பிறந்த குட்டி சுமார் ஒன்றரை முதல் இரண்டு அடி நீளம்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். கடைக்காரர் காட்டுவதும் இதைத்தான். ஆனால் வளர்ந்த பெண் போவா 6 முதல் 10 அடி வரை நீளும், எடை 10 கிலோவைத் தாண்டும். ஆண் கொஞ்சம் சிறியது. ஆயுள் 20 முதல் 30 ஆண்டுகள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா உயிரியல் பூங்காவில் ஒரு போவா 40 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்திருக்கிறது.

அதாவது, கல்லூரி முதலாம் ஆண்டில் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு, வாங்கியவருடைய பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் உயிரோடு இருக்கும். முதலில் யோசிக்க வேண்டிய கணக்கு இதுதான்.

என்ன சாப்பிடும்? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

போவா முழுக்க முழுக்க மாமிசம் உண்ணும் விலங்கு. காட்டில் எலி, பறவை, பல்லி, வௌவால் என்று கிடைப்பதைப் பிடிக்கும். உரிமத்தோடு வளர்க்கும் வெளிநாடுகளிலும் உயிரியல் பூங்காக்களிலும் பெரும்பாலும் எலிதான் உணவு. அதற்கும் சில விதிகள் இருக்கின்றன.

• அளவு: பாம்பின் உடம்பு எந்த இடத்தில் மிகவும் தடிமனாக இருக்கிறதோ, கிட்டத்தட்ட அந்தத் தடிமன் உள்ள இரை போதும். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தால் கக்கிவிடும்.

• இடைவெளி: குட்டிக்கு 7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை. வளர்ந்த பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. நாய், பூனை மாதிரி தினமும் சோறு வைக்கும் பழக்கம் இதற்குச் சரிப்படாது.

• உயிருள்ள எலி வேண்டாம்: ஓட இடமில்லாத கூண்டுக்குள் விடப்படும் எலி, உயிர் பிழைக்கப் பாம்பையே கடித்துக் குதறிவிடும். கண் போன பாம்புகள், முதுகில் குழி விழுந்த பாம்புகள் உண்டு. அதனால் உறைய வைத்த எலியை முழுமையாக உருக வைத்து, வெதுவெதுப்பாக்கி, நீளமான இடுக்கியால் கொடுப்பதுதான் நடைமுறை. கையால் கொடுத்தால், எலி வாசனை அடிக்கும் விரலையும் பாம்பு இரையாகத்தான் பார்க்கும்.

• சாப்பிட்ட பிறகு தொடக்கூடாது: குறைந்தது இரண்டு நாளாவது அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். தூக்கி விளையாடினால் பயந்துபோய் இரையைக் கக்கும். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியேறுவதால் உடனே மறுபடி கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு, சின்ன இரையில் இருந்து தொடங்க வேண்டும்.

வளர்ப்புப் போவாக்களைக் கொல்வது பல நேரம் பசி அல்ல, அளவுக்கு மீறிய சாப்பாடு. "கொடுத்தா சாப்பிடுதே" என்று வாராவாரம் பெரிய எலியாகப் போட்டால் கொழுப்பு உள்ளுறுப்புகளில் படிந்து ஆயுளைக் குறைத்துவிடும். ஒரு பாம்பு சில வாரம் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. நாலு மணி நேரம் சாப்பிடாத குழந்தையைப் பார்த்துப் பதறுவது போல இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பால் குடிக்குமா?

குடிக்காதுங்க. போவா மட்டுமல்ல, எந்தப் பாம்புக்கும் பால் உணவு கிடையாது. பாலூட்டிகள்தான் பால் குடிக்கும். பாம்பின் குடலால் பாலைச் சரியாகச் செரிக்க முடியாது. பாம்பாட்டியின் பாம்பு குடிக்கிறதே என்றால், பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து கிண்ணத்தை நீட்டினால் அது எந்தத் திரவத்தையும் குடிக்கும். புற்றில் ஊற்றப்படும் பாலையும் முட்டையையும் தேடி வருவது எறும்புகள்தான். பாம்புக்குத் தேவை சுத்தமான தண்ணீர்.

இறுக்கிக் கொல்வது எப்படி?

இரையின் மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. போவா இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல்தான் இரை சாகிறது.

எப்போது பிடியை விடுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? இதே குழு 2012-ல் செத்த எலிகளுக்குள் செயற்கை இதயத்தை வைத்துச் சோதித்தது. 'இதயம்' துடிக்கும் வரை போவா அதிக நேரம், அதிக பலத்தோடு இறுக்கியது. துடிப்பு இல்லாத எலியைச் சீக்கிரமே விட்டுவிட்டது. தன் உடம்பு வழியாகவே இரையின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறது போவா.

சரி, இவ்வளவு இறுக்கும்போது தன் நெஞ்சும் சேர்ந்து அழுந்துமே, மூச்சு விடுவது எப்படி? விலா எலும்புகளின் ஒரு பகுதி அழுந்தினால் வேறு பகுதியை அசைத்து மூச்சு விடுகிறது என்று 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வு சொன்னது. ஒரு ஊதுலையை விட்டு அடுத்த ஊதுலைக்கு மாறுவது போல!

அதன் மனநிலையை எப்படிப் புரிந்துகொள்வது?

பாம்பு குரைக்காது, வாலாட்டாது. ஆனால் உடம்பால் பேசும்.

• நாக்கை மெதுவாக நீட்டி நீட்டி இழுப்பது: காற்றில் இருக்கும் வாசனையைச் சேகரிக்கிறது. அமைதியாக, ஆர்வமாக இருக்கிறது என்று பொருள்.

• கழுத்தை 'எஸ்' வடிவில் மடக்கி வைப்பது: பாய்வதற்குத் தயார். பசியாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். இந்த நேரத்தில் கையை நீட்டவே கூடாது.

• உரக்கச் சீறுவது: "கிட்ட வராதே" என்ற எச்சரிக்கை. வீராப்பு இல்லை, பயம்.

• கண் நீலம் பாய்ந்து மங்குவது: தோல் உரிக்கப் போகிறது. பார்வை சரியாக இருக்காது, எரிச்சலாக இருக்கும், சாப்பாட்டையும் மறுக்கும். தொடாமல் விட வேண்டும்.

• கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பது: இடம் போதவில்லை, அல்லது ஒளிந்துகொள்ள மறைவிடம் இல்லை.

• தலையை மேலே தூக்கி வானத்தைப் பார்ப்பது போல முறுக்கிக்கொள்வது: இது ஆபத்தான அறிகுறி. போவாக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோயில் இப்படி நடக்கும். அதற்கு மருந்து இல்லை.

"என்னை அதுக்கு நல்லாத் தெரியும், பாசமா இருக்கு" என்று வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. பாம்பு மனித வாசனைக்கும் தொடுதலுக்கும் பழகும் என்பது உண்மை. 'இது ஆபத்து இல்லை' என்று தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான். மடியில் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் உங்கள் உடம்புச் சூட்டுக்காக.

'அளவு எடுக்கும் பாம்பு' கதை உண்மையா?

"ஒரு பெண் வளர்த்த பாம்பு தினமும் அவள் பக்கத்தில் நீட்டிப் படுத்தது. டாக்டரிடம் கேட்டால், உன்னை முழுங்க அளவு எடுக்கிறது என்றார்." வாட்ஸ்அப்பில் இந்தக் கதையைப் பார்க்காதவர்கள் குறைவு. கதை சுத்தப் பொய். எந்தப் பாம்பும் இரையை அளந்து பார்த்து, நாள் குறித்து வேட்டையாடுவதில்லை. இரை கிட்டே வரும்வரை மறைந்திருந்து நொடியில் பாய்வதுதான் போவாவின் வழி.

அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. எட்டு, ஒன்பது அடிப் பாம்பைத் தனியாளாகக் கையாளக் கூடாது, கழுத்தில் போடவே கூடாது என்பது உலகம் முழுக்க வளர்ப்பாளர்கள் கடைப்பிடிக்கும் விதி. ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்பதால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ஏற்றதல்ல.

காஞ்சிபுரம் வெயிலை இது தாங்குமா?

இந்த விஷயம் நெசவாளர்களுக்கு உடனே புரியும். காற்று வறண்டால் பாவு இழை அறுபடும் என்பது தறியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். போவாவின் தோலும் அப்படித்தான். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் தோல் ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் ஒட்டிய தோல் ரத்த ஓட்டத்தை அடைத்து, அந்த நுனியே அழுகிப் போவதும் உண்டு.

பாம்பால் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாது. அதனால் கூண்டின் ஒரு மூலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமூலை 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சூடு வேண்டும்போது அங்கேயும் குளிர்ச்சி வேண்டும்போது இங்கேயும் அது நகர்ந்துகொள்ளும். குளிர் நாடுகளில் சூடேற்றுவதுதான் கவலை. நமக்கோ நேர்மாறு. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தகரக் கூரை அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தால், மின்சாரம் போன ஒரே மதியத்தில் பாம்பு வெந்து செத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் எளிது.

1. நம் நாட்டுப் பாம்புகள்: நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி என எதையும் பிடிக்கவோ வீட்டில் வைத்திருக்கவோ விற்கவோ கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இதைத் தடுக்கிறது. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அது தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம்.

2. வெளிநாட்டுப் பாம்புகள்: போவா, சைட்டீஸ் எனப்படும் சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது. 2022-ல் திருத்தப்பட்ட நம் சட்டம் இந்தப் பட்டியலை நான்காவது அட்டவணையாகச் சேர்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாதம் அவகாசம் தரப்பட்டது. புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவித்தாக வேண்டும்.

ஆகவே "வெளிநாட்டுப் பாம்புதானே, கேட்க ஆளில்லை" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஆவணம் இல்லாத பாம்பு பெரும்பாலும் கடத்தல் பாம்பாகத்தான் இருக்கும். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் சிக்கின. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. துணிப்பையிலும் டப்பாவிலும் அடைத்து, மூச்சுத் திணறித்தான் இவை இங்கே வந்து சேர்கின்றன.

வளர்க்க முடியாமல் வெளியே விட்டால்?

அதைவிடப் பெரிய தவறு இல்லை. கரீபியன் கடலில் உள்ள அரூபா என்ற சின்னத் தீவில் 1999-ல் முதன்முதலாகப் போவா காணப்பட்டது. இன்று அந்தத் தீவின் பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் அதுதான் எமன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லப் பிராணியாக வந்த பர்மா மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, முயல், ரக்கூன் போன்ற விலங்குகளைப் பல இடங்களில் துடைத்தெடுத்துவிட்டன. மயாமி அருகே போவாக்களும் காட்டில் குடியேறியிருக்கின்றன.

அந்தப் பாம்புகளைப் பிடிக்க ஃபுளோரிடா 2017-ல் அழைத்தது யாரை தெரியுமா? அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும்! தடம் பார்த்தே பாம்பைக் கண்டுபிடிக்கும் இவர்கள், போன முதல் 8 நாளிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான், பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுக்கிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு அந்த ஊர் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது.

நம்ம ஊரு போவா: மண்ணுளிப் பாம்பு

போவாவைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். அதன் உறவுக்காரர் நம் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறார். மண்ணுளிப் பாம்பு. இதுவும் போவா இனத்தோடு சேர்ந்ததுதான். விஷம் இல்லை, இறுக்கிக் கொல்லும், குட்டி போடும். வால் மழுங்கி, தலை மாதிரியே இருப்பதால் 'இருதலைப் பாம்பு' என்று பெயர் வந்தது. எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் ஒளித்து வாலைத் தூக்கிக் காட்டும். கடி வாலில் விழட்டும் என்ற தந்திரம்.

இந்த அப்பாவிப் பாம்புக்குப் பெரிய ஆபத்து மனிதனின் பேராசை. "இது இருந்தா அதிர்ஷ்டம், மருந்துக்கு ஆகும், இத்தனை கிலோ இருந்தா கோடி ரூபாய்" என்று ஒரு மோசடிக் கும்பல் பல ஆண்டுகளாகவே கதை கட்டி வருகிறது. அதிர்ஷ்டமும் இல்லை, மருந்தும் இல்லை. பணத்தைக் கொடுத்தவர் ஏமாறுகிறார், பாம்பை வைத்திருந்தவர் ஜெயிலுக்குப் போகிறார்.

உண்மையான லாபம் வேறு. நெல்லைத் தின்னும் எலி, வீட்டுக்குள் நுழைந்தால் கஞ்சி போட்ட பாவையும் விடாது. அந்த எலியைக் கூலி வாங்காமல் பிடிப்பது மண்ணுளியும் சாரையும்தான்.

உயிரைப் பறிக்கும் ஒரு குழப்பம்

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். மண்ணுளியில் உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும் ஒரு வகை உண்டு. அதுவும் மலைப்பாம்புக் குட்டியும் கண்ணாடி விரியனும், பழக்கமில்லாத கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். முதல் இரண்டுக்கும் விஷம் இல்லை. மூன்றாவது, இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிக்கும் பாம்புகளில் ஒன்று. "மலைப்பாம்புக் குட்டிதான்" என்று கையில் எடுத்து வீடியோ போடப் போய் உயிர்போகும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கண்ணாடி விரியனுக்கு முக்கோணத் தலை, சங்கிலி கோத்தது போல வரிசையான புள்ளிகள், குக்கர் விசில் மாதிரி பலத்த சீற்றம் என்று அடையாளம் சொல்லலாம். ஆனால் இந்த அடையாளங்களைச் சரிபார்க்க யாரும் கிட்டே போக வேண்டியதில்லை.

வீட்டில் பாம்பைப் பார்த்தால்...

• அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். தூரத்தில் நின்று எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

• குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள்.

• தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள், அல்லது வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

• யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பர் முதல் மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

பாம்பின் மீது உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா? கிண்டி பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா எல்லாமே காஞ்சிபுரத்தில் இருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாம்பைப் பார்த்துப் பழகிய பிள்ளை, நாளைக்கு வரப்பில் ஒன்றைப் பார்த்தால் கல்லைத் தேடாது. இரண்டு அடி பின்னால் நகர்ந்து வழிவிடும். அதுதான் அந்தப் பிள்ளைக்கும் நல்லது, பாம்புக்கும் நல்லது.